நாற்பது நிமிடக் காலுறை

அன்புள்ள அப்பாவுக்கு,

நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதுகிறேன். நான் நலம், உங்கள் முதுகுவலி குறைந்ததா? கவலைப்பட ஒன்றுமில்லை, எரிச்சல்தான்.

செவ்வாயன்று உள்ளாட்சி அலுவலக மதிப்பீட்டுக்காரர் பூடில், எனக்கு உதவி தேவையா என்று பார்க்க இந்தப் பயிற்சி விடுதிக்கு வந்தார். நீங்கள் விடியுமுன் படகேறிவிடுவீர்கள்; காலையில் எனக்கு உடுத்திவிட வீட்டில் ஆளில்லை. எனக்கொரு உதவியாளரை அவர்கள் தந்தால்தான் நம் தீவுப் பள்ளிக்கு நான் திரும்ப முடியும். அது தெரிந்தும், தேர்வு என்றதும் முழு மதிப்பெண் வாங்கும் ஆசை வந்துவிட்டது.

"காலுறைய நீயே போட்டுக்குவியா?" என்று கேட்டார். போட்டுக் காட்டினேன். சரியாக மடங்காத என் விரல்களுக்கு நாற்பது நிமிடம் ஆனது.

"கெட்டிக்காரி! உதவி வேண்டாம்," என்று குறித்துக்கொண்டார்.

"அதுக்குள்ள பள்ளிப் பேருந்து போயிடுமே?"

"போட முடியுமான்னுதான் கேள்வி, கண்ணு. எவ்வளவு நேரம்னு எழுத இதுல கட்டமே இல்ல."

மாரித் என்ற என் அறைத்தோழி தலையில் அடித்துக்கொண்டாள். "மக்கு! இதுல பெயிலானாத்தான்டி பாஸு."

பொய்யாகத் தோற்க எனக்கு வராது, அப்பா. முறையீடு எழுதுங்கள். நீங்கள் என் கோட்டுக்குப் பொத்தான் போட்டுவிடும் நிமிடங்களையும் நானே போட்டால் ஆகும் நிமிடங்களையும் உள்ளபடி எழுதுங்கள்.

தளர்வான கம்பளிக் காலுறையும் நம் கடைப் பழுப்புப் பாலாடைக்கட்டியும் அனுப்புங்கள். பூனை என் கட்டிலில்தான் தூங்குகிறதா?

இந்தப் படிப்பறையில் ஆள் அசைந்தால்தான் விளக்கு எரியும். நான் மெதுவாக எழுதுவது அதற்கு அசைவாகத் தெரியவில்லை போலும். பிற்பகல் மணி மூன்றுதான், இந்த வடக்கத்திக் குளிர்காலத்தில் அதற்குள் வெளியே இருட்டிவிட்டது. அவசரமாக முடிக்கிறேன்.

உங்கள் எல்லின்

பி.கு.: அறையில் யாருமில்லை என்று விளக்குகள் அணைந்துவிட்டன.