எனக்குப் பின்னால் யாரும் இல்லை

செப்டம்பர் 23, செவ்வாய்

இன்று வண்டி பழக வந்த பல் டாக்டர் நடு ரோட்டில் எஞ்சினை அணைத்துவிட்டு, "இப்ப நான் என்ன பண்ணணும்?" என்று என்னைக் கேட்கிறார். பின்னால் லாரிக்காரன் ஹாரனை விடவே இல்லை. ஊரார் பல்லையெல்லாம் கூசாமல் பிடுங்குகிற மனுஷன், கிளட்ச்சைப் பார்த்தால் நடுங்குகிறார். என் பக்கத்திலும் ஒரு பிரேக் இருப்பதால்தான் நான் தினமும் முழுசாக வீடு திரும்புகிறேன்.

வந்து பார்த்தால் தம்பி கூடத்தில் உட்கார்ந்திருக்கிறான். முட்டியெல்லாம் சிமென்ட். டைல்ஸ் வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறான். சைக்கிள் கடைக்காரர் வருஷா வருஷம் நடத்துகிற காட்டு ஓட்டத்துக்கு எங்கள் மூன்று பேர் பெயரையும் கொடுத்துவிட்டானாம். எனக்குப் பெரிய ஓட்டம். என் வீட்டுக்காரருக்குச் சின்னது, அதாவது பாதி தூரம்.

"டேய், எனக்குச் சர்க்கரை இருக்குடா" என்றார் அவர்.

"அதுக்குத்தான் மாமா. உங்க டாக்டர் நடக்கச் சொன்னாரு, நீங்க ஃபிரிட்ஜ் வரைக்கும்தான் நடக்குறீங்க."

ஊரில் உள்ள ஃபிரிட்ஜையெல்லாம் பழுது பார்ப்பவர் அவர். அதனால் இந்த ஜோக் எங்கள் வீட்டில் பழசாகவே ஆகாது.

அக்டோபர் 5, ஞாயிறு

பயிற்சி. தம்பி ஆட்டுக்குட்டி மாதிரி முன்னால் போய், திரும்பி வந்து, மறுபடி போனான். அவர் ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் சாய்ந்து நின்றார். ஆனால் முடித்தார். முடித்துவிட்டுச் சின்னப் பிள்ளை போல என் முகத்தையே பார்த்தார். நல்லா நடந்தீங்க என்று சொல்லியிருக்கலாம். "ஷூ லேஸைக் கட்டுங்க" என்றேன். என் வாய் அப்படி.

அக்டோபர் 11, சனி

சைக்கிள் கடையில் நம்பர் துணி வாங்கப் போனோம். மொத்தமே எண்பது பேர்தான் ஓடுகிறோம். கடைக்காரர் ஸ்டூல் மேல் ஏறி நின்று விளக்கினார். பெரிய ஓட்டம் ஏரிக்கு அந்தப் பக்கம், சின்ன ஓட்டம் இந்தப் பக்க மேட்டில். இரண்டும் முடிவது ஒரே இடத்தில். வழி தெரிய மரக்கிளைகளில் ஆரஞ்சு ரிப்பன் கட்டியிருக்கும். சாயங்காலத்துக்குள் ஒரு ரிப்பன்கூடக் காட்டில் மிச்சம் இருக்கக் கூடாது, இருந்தால் அடுத்த வருஷம் அனுமதி கிடையாது என்று வனத்துறை சொல்லிவிட்டதாம். அதனால் கடைசி ஆளோடு சேர்ந்து ஒருவர் நடந்து வருவார், ரிப்பன்களை அவிழ்த்துக்கொண்டே. அவருக்கு 'வால்' என்று பேர். சின்ன ஓட்டத்துக்கு வால், ரிட்டயரான பி.டி. மாஸ்டர். எழுபது வயசு, விசில் இன்னும் கழுத்தில் தொங்குகிறது.

தம்பி நியாயமாகப் பெரியதில் ஓட வேண்டியவன். "மாமாவுக்குத் துணைக்கு யாரு?" என்று சின்னதுக்கு மாற்றிக்கொண்டான். அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயசு. தலை வாரி விட்டதிலிருந்து எல்லாமே நான்தான். இப்போது எனக்காக என் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொள்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டான். சந்தோஷமாகத்தான் இருக்கிறது, அவனிடம் சொல்ல மாட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

தம்பி இன்னும் வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது.

அக்டோபர் 13, திங்கள்

கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். தேடப் போனவர்கள் மத்தியானம் வரை காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும்.

நேற்று நான் நன்றாக ஓடினேன். விடியும்போது ஏரி அசையாமல் கிடந்தது. பைன் சருகு காலுக்கு மெத்தென்று இருந்தது. பாதி தூரம் தாண்டியதும் தொடை இறுகி, ஒரு ஏற்றத்தில் கைகளை ஊன்றித்தான் ஏறினேன். தண்ணீர் மேஜையில் ஒரு பெண் ஆரஞ்சுச் சுளையை உரித்து என் வாயிலேயே ஊட்டிவிட்டாள். என் கையெல்லாம் மண். கடைசி இறக்கத்தில் மேட்டின் மேல் பனி இறங்குவதைப் பார்த்தேன். என்ன அழகு என்று நினைத்தேன். அப்படியேதான் நினைத்தேன்.

முடித்துவிட்டுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றேன். சின்ன ஓட்டத்தில் எல்லோரும் வந்து, கடைசியாக அவரும் மாஸ்டரும் வந்தார்கள். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. தோளில் ஒரு கட்டு ஆரஞ்சு ரிப்பன், துண்டு மாதிரி போட்டிருந்தார்.

"பாதிக்கு மேல நான்தான் அவுத்தேன், தெரியுமா?" என்றார்.

"தம்பி எங்க?"

"அவன் எப்பவோ வந்திருப்பானே."

என் நடை உங்களுக்குச் சரிப்படாது, நான் முன்னால் போகிறேன் என்று சொல்லிவிட்டு நடு வழியில் ஓடினானாம். கொஞ்ச நேரத்தில் மாஸ்டர் வந்து சேர்ந்து, "உங்களுக்குப் பின்னாடி யாராவது இருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறார். "யாரும் இல்ல சார், நான்தான் கடைசி" என்று இவர் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு இரண்டு பேருமாக அவிழ்க்க ஆரம்பித்திருக்கிறார்கள்.

மேட்டில் போனும் எடுக்காது. அவன் முன்னால்தான் போனான் என்று இவர் அடித்துச் சொன்னதால், நேற்று இருட்டும் வரை முடிவிடத்துப் பக்கமாகவே தேடினார்கள். அங்கே அவன் இல்லை. எங்கடா போன நீ?

அக்டோபர் 14, செவ்வாய்

கிடைத்துவிட்டான். உயிரோடு. மேட்டுக்கு மறுபக்கம், ஓடைப் பள்ளத்தில். அவனைத் தூக்கி வந்த பையன்களின் சட்டையெல்லாம் சேறு. வலது கால் முழங்காலுக்குக் கீழே கால் மாதிரியே இல்லை. என்னைப் பார்த்து, "அக்கா, உனக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?" என்றான். ஓட்டத்தைக் கேட்கிறான். மடையன். என் மடையன்.

அவர் ஆம்புலன்ஸில் ஏறக் காலை வைத்தார். "நீங்க வேண்டாம்" என்றேன்.

அக்டோபர் 17, வெள்ளி

காலை எடுத்துவிட்டார்கள். கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டதாம், சிறுநீரகமும் சரியாக வேலை செய்யவில்லையாம். டாக்டர் என் கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை, என் பையைப் பார்த்துப் பேசுகிறார்.

மத்தியானம் கொஞ்ச நேரம் தெளிவாக இருந்தான். அவர் டீ வாங்கப் போயிருந்தார். அப்போது சொன்னான்.

வழிக்கு மேலே ஒரு பாறை இருக்கிறதாம். அதில் ஏறினால் ஏரி முழுசாகத் தெரியும் என்று ஏறியிருக்கிறான். மாமா மெதுவாகத்தானே வருவார், அதற்குள் இறங்கிவிடலாம் என்று. இறங்கும்போது வழுக்கி, ஒரு விளிம்பில் விழுந்து கால் முறிந்துவிட்டது.

"நான் அவங்களைப் பாத்தேன்க்கா."

"யாரைடா?"

"மாமாவும் மாஸ்டரும். நேர் கீழதான். ரிப்பனை அவுத்து அவுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு வந்தாரு. ரெண்டு பேரும் என்னமோ பேசிச் சிரிச்சாங்க. மாமா மாமான்னு கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு தடவை நின்னு நிமிந்து பாத்தாருக்கா. நான் கையை ஆட்டினேன். அப்புறம் திரும்பிப் போயிட்டாரு."

அவர்கள் போன பிறகு ஊர்ந்து ஊர்ந்து வழிக்கு வந்திருக்கிறான். வழி இரண்டாகப் பிரிகிற இடத்தில் பனி. ரிப்பன் எதுவும் இல்லை. ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். அது ஓடைக்குப் போகிற வழி.

"மாமாகிட்ட சொல்லிடாத. தாங்க மாட்டாரு."

டீயோடு அவர் வந்தார். மூன்று கோப்பை வாங்கியிருந்தார். அவனுக்கு வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்பதைக்கூட மறந்துவிட்டு.

அக்டோபர் 22, புதன்

காலையில் போய்விட்டான்.

நவம்பர் 9, ஞாயிறு

நான் தம்பி அறையில் படுத்துக்கொள்கிறேன். அவன் போட்ட தரை. ஒரு டைல் மட்டும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், காலில் இடறும். வந்து சரி பண்றேன், வந்து சரி பண்றேன் என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவரோடு பேச்சில்லை. இன்று அவராகவே வந்து வாசலில் நின்றார். "நான் வேணும்னு பண்ணல."

"அவுத்தது நீங்கதானே? என் தம்பி வழியை நீங்கதானே அவுத்தீங்க? சிரிச்சுக்கிட்டே அவுத்தீங்க."

அவர் வெளுத்துப்போனார். "சிரிச்சேன்னு யாரு சொன்னா?"

அது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நிமிந்து பாத்தீங்க, அவன் கையை ஆட்டினான், நீங்க திரும்பிப் போயிட்டீங்க. அவ்வளவுதான், அதைச் சொன்னால் இந்த மனுஷன் அங்கேயே முடிந்துபோவார். அது தெரியும். தெரிந்ததால்தான் சொல்ல அவ்வளவு ஆசையாக இருந்தது. "வரும்போதே சிரிச்சுக்கிட்டுத்தானே வந்தீங்க" என்று கதவைச் சாத்தினேன்.

நவம்பர் 26, புதன்

ஃபிரிட்ஜ் வேலைக்குக் கூப்பிட்டால் போவதில்லை. மாத்திரை டப்பா திறக்காமலே கிடக்கிறது. பக்கத்து வீட்டு டீச்சர், "உங்க வீட்டுக்காரர் பாதி ஆளாயிட்டாரே" என்கிறார். ஆகட்டும். எனக்கு என் தம்பியே இல்லை.

இப்படி எழுதுகிறவளாக நான் எப்போது ஆனேன்?

டிசம்பர் 14, ஞாயிறு

ஞாயிறுதோறும் விடிவதற்குள் கிளம்பிப் போகிறார், மத்தியானம் சேறும் சகதியுமாக வருகிறார். எங்கே என்று நான் கேட்பதில்லை. இன்று செருப்பைக் கழற்றிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "இன்னைக்குக் காத்து வேற பக்கம் அடிச்சுது" என்றார். எனக்குப் புரியவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

பல் டாக்டர் லைசென்ஸ் வாங்கிவிட்டார். எனக்கு ஒரு பேனா பரிசு. நன்றி சொல்லும்போதே அழுதுவிட்டேன். பாவம், அவர் பயந்துபோனார்.

மார்ச் 1, ஞாயிறு

இன்று அவர் பின்னாலேயே போனேன். அவர் காரில், நான் டிரைவிங் ஸ்கூலின் பழகு வண்டியில். அந்த மேட்டில் நான் இதுவரை கால் வைத்ததே இல்லை. கீழே வண்டியை விட்டுவிட்டு, அவருக்குத் தெரியாமல் கொஞ்சம் தள்ளியே ஏறினேன். நான்கு மாதமாக ஓடவில்லை, மூச்சு வாங்கியது.

ஒரு திருப்பத்தில் நின்றுவிட்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நான் மரத்துக்குப் பின்னால் நின்றேன். யாருக்காக நிற்கிறார் என்று பார்த்தால், மேலே பாறையில் பி.டி. மாஸ்டர். அந்த வயசில் அங்கே எப்படி ஏறினாரோ. இவர் கையைத் தூக்கிக் காட்டினார்.

மாஸ்டர் கத்தினார். "மாமா! மாமா!"

நான் மரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இவர் காதைச் சாய்த்துக் கேட்டார். நாலடி தள்ளி நின்று கேட்டார். மறுபடி கையைத் தூக்கினார். அந்தக் கிழவர் இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு மறுபடி மாமா, மாமா என்று கத்தினார். குரல் உடைந்து இருமல் வந்தது, இருமிவிட்டு மறுபடி. இதற்குத்தான் ஒவ்வொரு ஞாயிறும். காற்று ஒரு நாள் இந்தப் பக்கம், ஒரு நாள் அந்தப் பக்கம். கேட்டிருக்குமா, கேட்டிருக்காதா என்று இரண்டு பேரும் பார்க்கிறார்கள்.

இன்று நன்றாகவே கேட்டது. நான் நின்ற இடம் வரைக்கும் கேட்டது.

அவர் அப்படியே வழியில் உட்கார்ந்துவிட்டார். நான் போய் முன்னால் நின்றேன். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. நான் என்றைக்காவது வருவேன் என்று தெரிந்தவர் போலத்தான் பார்த்தார்.

"அன்னைக்கு இந்தப் பாறைப் பக்கமா எனக்கு ஒரு சத்தம் கேட்டுச்சு" என்றார். "நின்னு பாத்தேன். மேல ஒரே பனி. ஒண்ணுமே தெரியல. என்ன சார்னு மாஸ்டர்கிட்ட கேட்டேன், ஏதாவது மயிலா இருக்கும்னாரு. மயில்னு நானும் நெனச்சுட்டேன். ஆஸ்பத்திரில உன்கிட்ட ஏதாவது சொன்னானா? அவன் என்னைக் கூப்பிட்டானா?"

நவம்பரிலிருந்து இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். என்னென்னவோ வார்த்தை எல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். அவர் சட்டைக் காலரில் கழுத்து தனியாக ஆடியது. தாடியில் பாதி வெள்ளை. மேலே மாஸ்டர், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல், கூப்பிட்டால் கத்தலாம் என்று கையைக் குவித்தபடியே நின்றார்.

"இல்ல" என்றேன்.

"நிஜமாவா?"

"விழுந்ததுமே மயக்கமாயிட்டான். முழிச்சப்ப இருட்டிப் போச்சாம். யாரையும் பாக்கலன்னான். யாரையும் கூப்பிடல."

"அவன் வாயால சொன்னானா?"

"அவன் வாயால சொன்னான்."

என் முகத்தையே பார்த்தார். பயிற்சியை முடித்த அன்று பார்த்தாரே, அதே பார்வை. நான் கண்ணை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அழ ஆரம்பித்தார். மாஸ்டரை இறங்கி வரச் சொல்லி நான்தான் கையைக் காட்டினேன். அவருக்கு இறங்கத் தெம்பில்லை, பாதி ஏறிப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன்.

அவன் விழுந்த விளிம்பு நான் ஏறிய இடத்திலிருந்தே தெரிகிறது. அங்கிருந்து கீழே வழி மிகக் கிட்டத்தில் தெரிகிறது.

மார்ச் 3, செவ்வாய்

நேற்று மாத்திரை போட்டுக்கொண்டார். சாயங்காலம் டூல் பாக்ஸைத் துடைத்து வைத்தார். நான் பழையபடி எங்கள் அறையில்தான் படுத்தேன். எனக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் மாமா, மாமா என்கிறது. தம்பி குரலா, மாஸ்டர் குரலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. யாரிடமும் சொல்லவும் முடியாது.

காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது அவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். இத்தனை மாதத்தில் இப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை. சாவியைச் சத்தம் வராமல் எடுத்துக்கொண்டு கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தேன்.