செமோர் கடையில் பூமணி தைலம்

9 ஜூலை 2024, செவ்வாய்
மழை. கடையில் கூட்டமில்லை. காளியம்மா முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே, "இந்தப் பூமணி தைலம் முன்ன மாதிரி கேக்கலங்க" என்றாள். காது கேளாதவன்போல் அரிசி மூட்டையை நகர்த்தினேன்.

ஆறு மாதமாக அந்தப் போத்தலில் இருப்பது நான் தோட்டத்துப் பழைய லயத்து வீட்டில் கலந்தது. தேங்காய் எண்ணெய், கற்பூரம், அவ்வளவுதான். லேபிள் மட்டும் சித்தியவானில் தைலம் காய்ச்சும் பூமணியக்காவுடையதுபோல் அச்சடித்தது. கட்டின மனைவி காளியம்மாவுக்கே கொடுத்திருக்கிறேனே — நான் என்ன மனுசன்?

10 ஜூலை
பூமணியக்காவின் வக்கீல் குமாஸ்தா வந்து நீதிமன்றத் தடை உத்தரவைக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு மலாய் அவ்வளவாக வராது. காளியம்மாதான் படித்துச் சொன்னாள். "பூமணி தைலம்னு பேர் போட்ட போலிச் சரக்க இனிமே விக்கக்கூடாதாம். மிச்சத்த ஒப்படைக்கணுமாம். எங்க செஞ்சதுன்னு சத்தியப் பத்திரம் குடுக்கணுமாம்..." நிறுத்தினாள். "செஞ்சது நீங்கன்னு போட்டிருக்கு."

நான் இல்லையென்று சொல்லவில்லை. அவள் தாளை மடித்துக் கல்லாவில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

12 ஜூலை
தேநீர்க் கடை ராஜு: "பெரிய கம்பெனிக்காரன் சின்னக் கடையத்தான் மிதிப்பான்லா அண்ணே. விடுங்க."
தலையாட்டினேன். தலையாட்டினேனே! பூமணியக்கா கம்பெனியா? வீட்டு அடுப்பில் காய்ச்சி விற்கிற பொம்பள.

14 ஜூலை
காளியம்மா சோறு போடுகிறாள். பேசுவதில்லை.

23 ஜூலை
ஈப்போ நீதிமன்றம். 'நானே கலந்தேன்' என்று சத்தியப் பத்திரத்தில் ஒப்புக்கொண்டிருந்தேன். தடை நிரந்தரமானது. கடை வாசலில் ஒரு மாதம் மன்னிப்பு அறிவிப்பு ஒட்ட வேண்டும்.

வெளியே பூமணியக்கா நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன்.
"'சரக்கு போகலக்கா, கொண்டாராதீங்க'ன்னு சொன்னீங்களே தம்பி. என் கைப்பக்குவந்தான் கெட்டுப்போச்சோன்னு ஆறு மாசமா என்னையே சந்தேகப்பட்டேன்."
திட்டியிருக்கலாம்.

24 ஜூலை
மலாயில் அச்சடித்த அறிவிப்பை ஒட்டினேன். அது போதும் என்றார் என் வக்கீல். கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அதைப் படிக்கமாட்டார்கள். எனக்கு வசதிதான். மத்தியானம்வரை அப்படியே இருந்தேன். ராஜு வந்து, "கம்பெனிக்காரன் என்னா எழுதியிருக்கான்ணே?" என்றான்.

"கம்பெனி இல்ல ராஜு. நாந்தான் ஏமாத்துனேன்."

அவன் போய்விட்டான். ஒரு தாள் எடுத்துத் தமிழில் எழுதினேன்: 'பூமணி தைலம் என்று இங்கே விற்றது போலி. கலந்தவன் நானே. வாங்கியவர்கள் மன்னிக்கவும்.'

ஒட்டும்போது காளியம்மா பின்னால் வந்து நின்றாள்.
"எழுத்து சின்னதா இருக்கு. ரோட்லருந்து தெரியாது."
இரண்டு வாரத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

தாளைக் கிழித்துவிட்டு, பெரிய அட்டையாகப் பார்த்து எடுத்தேன்.