ஏழுகாலானுக்கு ஓட்டுப் போடாதவர்கள்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவும் நானும் சௌக்கியம்தான், என் கோபத்தைத் தவிர இந்த வீட்டில் இப்போதைக்கு வேறு நோய் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போன் கட்டானதே, சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய், சிக்னல் நன்றாகத்தான் இருந்தது, நான்தான் வைத்தேன். வாயால் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவாய், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், முழுதாகப் படி.

அப்பா லிஃப்ட் ரிப்பேருக்குப் போன இடத்தில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டதும், ஆபரேஷனுக்குப் பிறகு ஜன்னலோர நாற்காலியே கதி என்று கிடந்ததும் உனக்குத் தெரியும். நடங்கள் நடங்கள் என்று டாக்டர் தலைபாடாய் அடித்துக்கொண்டார், நானும் கெஞ்சிப் பார்த்தேன், மனுஷர் அசையவில்லை. நீ லீவில் வந்தபோது அவர் போனில் அந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாய். டாக்டருக்கும் பெண்டாட்டிக்கும் எழுந்திருக்காதவர், தெருவில் திரிகிற, போன் திரையில் மட்டும் தெரிகிற ஜந்துக்களுக்காக எழுந்தார். அந்தப் புண்ணியம் உன்னுடையது, மறுக்கவில்லை. ஆனால் ஜந்துவைப் பிடிக்கப் பந்து வேண்டுமாம், பந்து எடுக்க, நிறுத்தம் என்று விளையாட்டில் குறித்துவைத்திருக்கிற ஏதாவது ஒரு இடத்துக்கு நேரில் போக வேண்டுமாம், அந்த நிறுத்தம் ஒன்றுகூட மெயின் ரோட்டுக்கு இந்தப் பக்கம் கிடையாது. எல்லாம் எதிர்ப்பக்கம், ஷாப்பிங் காம்ப்ளக்ஸைச் சுற்றி. ரோட்டில் சிக்னலும் கிடையாது, வருகிறவன் யாரும் பிரேக்கில் கால் வைப்பதும் கிடையாது. போன மாதம் அவருடைய கைத்தடி லாரிச் சக்கரத்தில் மாட்டி நொறுங்கிப்போனது. பிடியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறார், தடிதானே போச்சு, நான் முழுசா வந்துட்டேன்ல என்று சிரிப்பு வேறு. இனிமேல் ரோட்டைத் தாண்டினால் போனை வாளித் தண்ணீரில் போடுவேன் என்றேன். தாராளமா போடு, நான் பழையபடி நாற்காலில உக்காந்துக்கறேன் என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

நான் வேலை பார்க்கிற பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற பெண்ணும் இதே பைத்தியம். அவள்தான் சொன்னாள், உங்க பக்கத்துலயே நல்ல இடமா ஒண்ணு பார்த்து போட்டோ அனுப்புங்கக்கா, மத்த ஆட்டக்காரங்க ஓட்டுப் போடுவாங்க, தேறிடுச்சுன்னா அதையே நிறுத்தமாக்கிடுவாங்க என்று. அதற்கு ஆட்டத்தில் பெரிய ஆளாக இருக்க வேண்டுமாம், அப்பாதான் வேறு வேலையில்லாமல் ஆடி ஆடி அந்த உயரத்துக்குப் போயிருக்கிறாரே. நல்ல இடம் என்றால் நமக்கு ஏழுகாலானை விட்டால் வேறென்ன இருக்கிறது? நம் குடியிருப்பில் இரண்டு பிளாக்குக்கும் நடுவில் சின்ன வயதில் நீங்கள் எல்லாம் ஏறிக் குதித்த அதே கான்கிரீட் ஆக்டோபஸ், எட்டாவது காலைத் தண்ணீர் லாரி பின்னால் வந்து இடித்துவிட்டுப் போனதிலிருந்து ஊரே அதை அப்படித்தான் கூப்பிடுகிறது. அதன் மண்டையிலிருந்து சறுக்கித்தான் நீ முன்பல்லை உடைத்துக்கொண்டாய். படம் எடுத்து அனுப்பினோம். பின்னால் கொடியில் துணி காய்ந்ததாம், அதனால் இது யாரோ ஒருவர் வீட்டு முற்றமாம், தள்ளிவிட்டார்கள். சரி போகட்டும் என்று மறுபடியும் வீடு வீடாகப் போய்த் துணியை எடுக்கச் சொல்லி, வெயிலில் நின்று, காகம் போட்ட எச்சத்தை எல்லாம் தேய்த்துக் கழுவிவிட்டுப் படம் எடுத்தேன். இந்தத் தடவை என்ன பதில் தெரியுமா, சுற்றுவட்டார மக்களுக்கு எந்த முக்கியத்துவமும் இல்லாத சாதாரணப் பொருளாம்! எனக்கு வந்ததே ஆத்திரம். அப்படி என்ன முக்கியமானதை எதிர்ப்பக்கம் வைத்திருக்கிறார்கள் என்று நானே போய்ப் பார்த்தேன். நவீனச் சிற்பம் என்று பெயர் போட்டு ஒரு நிறுத்தம், என்னவென்று பார்த்தால் கார் பார்க்கிங்கின் புகையை வெளியே தள்ளுகிற குழாய்! பக்கத்தில் நிற்க முடியவில்லை, மூஞ்சியில் அனல் அடிக்கிறது. திரும்பி வந்து நம் குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம், ஏழுகாலான் பக்கத்தில் ஒரு பெயர்ப்பலகையாவது வையுங்கள், அடுத்த படத்துக்கு உதவும் என்றேன். இந்த வயசுல இதெல்லாம் தேவையாக்கா, கண்டவனும் உள்ள வருவான் என்றார். இந்த வயசுக்கு லாரிதான் தேவைன்னா நேரா சொல்லிடுங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இந்த வயிற்றெரிச்சலைத்தான் ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் கொட்டினேன். நீ என்ன சொன்னாய்? யாரும் அவ்வளவு உத்துப் பார்க்க மாட்டாங்கம்மா, நானும் ரயில்ல போறப்ப அப்படித்தான், படத்தப் பார்ப்பேன், வேண்டாம்னு தள்ளுவேன், அடுத்தது, நிறைய ஓட்டுப் போட்டா பதக்கம் தர்றாங்க என்று சிரித்தாய். என்னை இத்தனை நாளாய் அலையவிட்டது யாரோ முகம் தெரியாத தடியன் என்று நினைத்திருந்தேன், நான் பெற்றதும் அந்தக் கூட்டத்தில் ஒன்று என்று தெரிந்தபோது வேறு என்ன செய்வது, போனை வைத்தேன்.

வைத்த கையோடு, ஓட்டெல்லாம் போதும் கம்பெனிக்காரர்களே பாருங்கள் என்று மேல்முறையீடு எழுதினேன். மரியாதையா எழுது என்று அப்பா பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார், முடிந்தவரை எழுதினேன். ஆபரேஷன் புண் சீழ் வைத்து அவர் ஜுரத்தில் பிதற்றிய அன்று ஆம்புலன்ஸ்காரர் போனில் பிளாக் நம்பர் கேட்டார், இங்கே எல்லாக் கட்டடமும் ஒரே அச்சு, நம்பரெல்லாம் அழிந்து கிடக்கிறது, எனக்கு நாக்குக் குழறியது, ஏழுகாலான் பக்கத்தில் என்று மட்டும்தான் சொல்ல வந்தது. அட அங்கயாம்மா, தெரியும், இதோ வந்துட்டேன் என்றார், வந்தும் விட்டார். கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆளே மிஞ்சியிருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னதையும் சேர்த்து எழுதி, இதுவா முக்கியத்துவம் இல்லாத பொருள், உங்கள் புகைக்குழாயைச் சொல்லி எந்த ஆம்புலன்ஸ் வரும் என்று கேட்டேன். கடைசி வரியை எடுத்துவிடச் சொன்னார் அப்பா. எடுக்கவில்லை.

நேற்றுக் காலை ஏழுகாலான் தேறிவிட்டது. அப்பாவுக்கு லிஃப்ட் வரும்வரை பொறுமையில்லை, பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார், தொழில் தெரிந்தவர் செய்கிற வேலையா அது. கீழே போனால் எங்களுக்கு முன்னால் அந்தச் செயலாளர் போனும் கையுமாக நிற்கிறார், அக்கா, இதுல பந்து எப்படி எடுக்கறது என்று என்னைக் கேட்கிறார்! நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்பாதான் ஆக்டோபஸ் காலில் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். சாப்பிடக் கூப்பிட நான் இரண்டு தடவை இறங்க வேண்டியிருந்தது.

நீ நன்றாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை முதுகுவலிக்கு டாக்டரிடம் காட்டச் சொல். உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஒன்றே ஒன்று கேட்கிறேன். ரயிலில் உட்கார்ந்து ஓட்டுப் போடும்போது, எந்த ஊரிலிருந்தோ ஒரு கோணல் பெஞ்சோ சாயம் போன சுவரோ வந்தால், உடனே தள்ளாதே. ஒரு நிமிஷம் பார். அந்தப் பக்கம் ரோட்டைத் தாண்ட முடியாதவர் யாராவது இருப்பார்.

இன்னும் கொஞ்சம் கோபம் பாக்கியிருக்கும்
உன் அம்மா