ஆவி பேசும் பக்கங்கள்

என் வாயாடிக்கு,

அந்த ஆவிக் காதல் கதையின் இரண்டாம் பாகம் வந்துவிட்டது. போன மாதம் போனில் வாங்கட்டுமா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் சின்னப் பிள்ளைங்க படிக்கிறதுப்பா" என்றாய். நான் வாங்கிவிட்டேன்.

மதிய இடைவேளையில் லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து படிக்கிறேன். அட்டையில் நிற்கும் வெளுத்த பையனைப் பார்த்துவிட்டு வாட்ச்மேன், "என்ன மெக்கானிக் சார், இந்த வயசுல காதல் கதையா?" என்றார். மகளோட புத்தகம் என்று சொல்லிவைத்தேன்.

நீயும் அம்மாவும் இங்கே இருந்தபோது, முதல் பாகத்தில் அந்தப் பெண்ணின் வசனம் உனக்கு, ஆவியின் வசனம் எனக்கு என்று பிரித்துக்கொண்டு படித்தோமே. உள்ளறையிலிருந்து அம்மாகூடச் சிரிப்பாள். இப்போதும் ஆவியின் வசனத்தை மட்டும் வாய்விட்டுப் படிக்கிறேன். அந்தப் பெண் பேசும் இடம் வந்தால் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு மேலே போகிறேன்.

எழுதியவர் மேல் எனக்குக் கோபம். அந்தப் பெண்ணை அவள் அம்மாவோடு வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார். ஆவியால் வாசற்படியைத் தாண்ட முடியாது. முந்நூறு பக்கமும் ஜன்னலோரமே நிற்கிறது. செத்தவனுக்கு அவ்வளவு பொறுமை இருக்கலாம்.

கடைசி அத்தியாயத்தை இன்னும் தொடவில்லை. நீ எப்படியும் படித்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா. அவள் திரும்பி வருகிறாள் என்றால் ஒரு வரி எழுது. வரவில்லை என்றால் எழுதவே வேண்டாம். நான் இன்னும் படித்து முடிக்கவில்லை என்று இருந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஆவி வசனம் பேசுகிற அப்பா