சூட்டு டப்பாவில் கட்டிய கரித்துண்டு

இன்று காலை உன் சூட்டு டப்பாவின் மூடியைத் திறந்தபோது பூண்டு ரசம் மணத்தது. நேற்று அதில் வைத்தது வெறும் பருப்புச் சோறு. மூடியின் உள்ளே இருக்கிறதே ரப்பர் வளையம், அதைக் கழற்றிச் சோடா உப்பில் ஊறவைத்து, வெந்நீரில் அலசி, கொடியில் துணியோடு சேர்த்துக் காயப்போட்டுத்தான் திரும்ப மாட்டியிருந்தேன். அந்த மாதிரி வளையம் வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று எனக்கும் தெரியும். ஆனால் நீ கடைசியாக இதில் ரசச் சோறு வைத்து எட்டு மாதம் ஆகிறது. எட்டு மாதத்து ரசம் இப்போதுதான் தாளித்து இறக்கியது போல மணக்குமா? அடுப்படியில் வேறு யாரும் இல்லையே என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். பிறகு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஊர் பார்க்க நீ எனக்கு மதினி. ஊர் பார்க்காதபோது ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். சத்துணவுச் சோற்றை நான் அளைந்துகொண்டே இருப்பேன், மணி அடித்துவிடும். நீதான் என் தட்டைப் பிடுங்கி, உருட்டி உருட்டி என் வாயில் வைப்பாய். "வாயத் தொறடி, டீச்சர் வாராக" என்று மிரட்டுவாய். டீச்சர் வந்ததே இல்லை. அப்படிப்பட்டவள் என் அண்ணனையே கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோது, இனி மரியாதையாகக் கூப்பிட வேண்டும் என்று எனக்கு உத்தரவு போட்டார்கள். நான் மதினி என்று கூப்பிடும்போதெல்லாம் நீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய்.

உன் மகள் மித்ராவுக்குப் பல் முளைத்ததும் உனக்குப் போன் பைத்தியம் பிடித்தது. பிள்ளைக்குச் சோறூட்ட உலகத்தில் என்னென்ன சாமான் உண்டோ அத்தனையையும் அதில் தேடிக்கொண்டிருப்பாய். கொரியர்காரர் பரளச்சி பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு, நம் ஊருக்குப் பாதை தெரியவில்லை என்று போன் அடிப்பார். இருப்பதே ஒரு பாதை. நீயும் வெயிலில் நடந்து போய் வாங்கி வருவாய். சிந்துகிற சோற்றைப் பிடித்துக்கொள்ளப் பை வைத்த கழுத்துத் துணி வந்தது. பழத்தை உள்ளே போட்டுச் சப்பக் கொடுக்கும் வலை வந்தது. அடியில் உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் கிண்ணம் வந்தது. பிள்ளை எவ்வளவு தட்டினாலும் கவிழாதாம். நம் வீட்டுச் சொரசொரச் சிமெண்டுத் தரையில் அது ஒட்டவே இல்லை, பீரோக் கண்ணாடியில்தான் ஒட்டியது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "பிள்ளையப் பீரோவுல தொங்கவிட்டு ஊட்டப் போறியா?" என்று கேட்டது. நீ அசரவில்லை. சில்வர் தாம்பாளத்தைக் கவிழ்த்துப் போட்டு, அதன் முதுகில் கிண்ணத்தை ஒட்டவைத்துக் காட்டினாய்.

எல்லாவற்றிலும் உருப்படியாக வந்தது இந்தச் சூட்டு டப்பாதான். அதற்கு முன்னால் பருத்தி எடுக்கும் நாட்களில், பிள்ளைக்குச் சுடுசோறு வேண்டும் என்று உச்சி வெயிலில் புஞ்சையிலிருந்து வீட்டுக்கு ஓடுவாய், திரும்ப ஓடி வருவாய். டப்பா வந்த பிறகு காலையில் குழைய வடித்து நெய் விட்டு அடைத்தால், மத்தியானம் வேப்பமரத்தடியில் திறக்கும்போது ஆவி பறக்கும். பிள்ளையும் நம்மோடு புஞ்சைக்கு வந்துவிடும்.

முதல் நாள் நீ செய்ததை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். புறப்படும் நேரத்தில் அடுப்பிலிருந்து ஆறிப்போன கரித்துண்டு ஒன்றை எடுத்தாய், ஒரு வேப்பங்கொழுந்தையும் சேர்த்துக் கிழிந்த துணியில் முடிந்து டப்பாவின் பிடியில் கட்டினாய். கறிச்சோறு கொண்டுபோனால் எல்லோரும் செய்வதுதான். நம் புஞ்சைக்குக் கண்மாய்க் கரை வழியாகச் சுடுகாட்டைத் தாண்டித்தான் போக வேண்டும், அதுவும் உச்சி வேளையில். ஆனால் போனில் வாங்கின டப்பா, காற்றுக்கூடப் புகாத மூடி, அதற்குமா கரி என்று நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

"மூடி, உள்ள இருக்க சூடு வெளிய போகாம இருக்கதுக்கு. கரி, வெளிய நிக்கிறது உள்ள வராம இருக்கதுக்கு" என்றாய்.

ஆடியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. அருப்புக்கோட்டையில் காட்டினோம், அங்கிருந்து மதுரைக்குக் கொண்டுபோனோம். மூன்றாம் நாள் நீ திரும்பி வந்தாய், எல்லோரும் வாசலில் காத்திருந்தோம், நீதான் கண்ணைத் திறக்கவில்லை. கண்மாய்க் கரையைத் தாண்டி உன்னைக் கொண்டுபோகும்போது பிள்ளை என் இடுப்பில் இருந்தது. பெண்கள் தெருமுக்கோடு நின்றுவிட வேண்டும் என்றார்கள். நானும் நின்றுவிட்டேன். அதற்காக இன்னும் என் மேலேயே எனக்குக் கோபம்.

அண்ணன் லோடு வண்டியோடு போனால் பொழுது சாய்ந்துதான் வரும். பால்வாடியில் விட்டால் மித்ரா அழுது அழுது தொண்டை கட்டிக்கொண்டது. அதனால் புஞ்சைக்கு என்னோடுதான் வந்தது. நீ செய்தபடியே எல்லாவற்றையும் செய்தேன். அதே அரிசி, அதே நெய், அதே கழுத்துத் துணி. டப்பாவில் கரியும் கட்டினேன். உன்னை எரித்த இடத்தைத் தாண்டிப் போகிறோம் என்பதால் கொஞ்சம் பெரிய துண்டாகவே கட்டினேன்.

மித்ரா சாப்பாட்டை விட்டுவிட்டது. காலையில் ரெண்டு வாய், ராத்திரி கொஞ்சம் பால். மத்தியானம் டப்பாவைத் திறந்தால் உதட்டைக் கடித்துக்கொள்ளும். இன்னொன்றும் நடந்தது. காலையில் கொதிக்கக் கொதிக்க அடைத்த சோறு, வேம்படியில் திறக்கும்போது பானைத் தண்ணீர் மாதிரிச் சில்லென்று இருந்தது. டப்பா கெட்டுவிட்டது என்று நினைத்தேன். வீட்டில் வெந்நீர் ஊற்றிச் சோதித்தால் சாயந்திரம் வரை சுட்டது. புஞ்சைக்கு வந்தால் மட்டும் ஆறிப்போயிருக்கும்.

அப்போதுதான் பிள்ளையின் கண்ணைக் கவனித்தேன். கரண்டியைக் கொண்டுபோனால் என்னைப் பார்க்காது, எனக்குப் பின்னால் வரப்பைப் பார்க்கும். என்ன பாப்பா என்று கேட்டேன்.

"அம்மா நிக்கிது" என்றது.

வரப்பில் ஒரு எருக்கஞ்செடி நின்றது. காற்றே இல்லை, ஆனால் அந்தச் செடி மட்டும் மெல்ல அசைந்தது. ஓணான் ஏதாவது இருந்திருக்கலாம். பிள்ளையை அள்ளிக்கொண்டு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். தாய் பிள்ளையைக் கூப்பிடுகிறாள், விட்டால் கொண்டுபோய்விடுவாள் என்றார்கள் அவர்கள். நரிக்குடிப் பக்கம் உடுக்கடித்துப் பேயோட்டும் ஒரு கோடாங்கியிடம் அழைத்துப்போவதாகவும், அதுவரைக்கும் கரியைக் கூட்டிக் கட்டி, ஒரு இரும்புச் சாவியையும் சேர்த்துத் தொங்கவிடும்படியும் சொன்னார்கள். நான் மூன்று துண்டு கட்டினேன், சாவியும் தொங்கவிட்டேன். டப்பாவைத் தூக்கினால் மாட்டுக் கழுத்து மணி மாதிரிச் சத்தம் கேட்டது.

மறுநாள் பிள்ளை வரப்பைப் பார்க்கவில்லை. அதைத் தாண்டி வேலிக்கருவைப் புதரைப் பார்த்தது. அதற்கடுத்த நாட்களில் பார்வை இன்னும் தள்ளிப் போனது. கடைசியில் கண்மாய்க் கரையில் ஒற்றைப் பனை நிற்கிறதே, அங்கே போய் நின்றது. அவ்வளவு தூரத்தைப் பார்க்கப் பிள்ளைக்குக் கண் கூசியது. பெரிய மனுசி மாதிரிப் புருவத்துக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பார்க்கும். சோற்றை வாயருகே கொண்டுபோனால் என் கையைத் தட்டிவிடும்.

பால்வாடியில் எடை போட்டார்கள். அங்கே வந்த நர்ஸம்மா பிள்ளையின் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அடுத்த எடைக்கும் இப்படியே இருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்தாக வேண்டும் என்றார்கள். அன்று ராத்திரி அண்ணன் சாப்பிடவில்லை. நான் உன் போனை எடுத்து, நீ தேடி வைத்திருந்த சாமான்களையெல்லாம் பார்த்தேன். பிழிந்தால் கூழ் வரும் கரண்டிக் குப்பி ஒன்றும், ஏரோப்பிளேன் மாதிரிக் கரண்டி ஒன்றும் வாங்கினேன். ஏரோப்பிளேனை வாய் வரை ஓட்டினேன். பிள்ளை பனையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது. நான் தோற்றுப்போனேன் என்று அன்றைக்கு வேம்படியில் அழுதேன், உன்னையும் திட்டினேன். பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டுத்தான் கூப்பிடுவாயா என்று கேட்டேன்.

கோடாங்கியிடம் போக வேண்டிய நாளுக்கு முந்தின மத்தியானம் அது. டப்பாவைத் திறந்தேன், சோறு சில்லென்று இருந்தது. பிள்ளை பனையைப் பார்த்துக் கையை ஆட்டி வா வா என்று கூப்பிட்டது. பிறகு என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது.

"அம்மா வர மாட்டேங்குது."

ஏன் என்று கேட்டேன். பிள்ளை விரலை நீட்டியது. டப்பாவின் பிடியில் தொங்கிய மூட்டையைத் தொடாமல், நெருப்பைக் காட்டுவது மாதிரிக் காட்டியது.

வெளியே நிற்பது உள்ளே வராமல் இருக்கத்தானே கரி? நீதானே சொன்னாய். கரிக்குத் தாய் யார், பேய் யார் என்று பிரித்துப் பார்க்கத் தெரியுமா? நீ பிள்ளைக்காகக் கட்டத் தொடங்கிய காவல் உன்னையே வெளியே நிறுத்திவிட்டது. நான் துண்டைக் கூட்டக் கூட்ட நீ பின்னால் போய்க்கொண்டே இருந்திருக்கிறாய். பிள்ளையை நீ கூப்பிடவில்லை, சோறூட்ட வந்து வந்து நின்றிருக்கிறாய். இது எனக்குப் புரிய இத்தனை நாளாயிற்று.

அவிழ்க்கக் கை வரவில்லை. நான் நினைப்பது தப்பாக இருந்தால்? அக்கா சொன்னதே உண்மையாக இருந்தால்? பிள்ளையின் கழுத்தெலும்பு சட்டைக்கு வெளியே தெரிந்தது. அதைப் பார்த்ததும் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தேன். கரியையும் சாவியையும் என் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

பிள்ளையின் பார்வை பனையை விட்டுக் கிளம்பியது. புதருக்கு வந்தது. வரப்புக்கு வந்தது. அங்கே கொஞ்சம் நின்றது, எருக்கஞ்செடி ஒருபக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. பிறகு உழவுசாலில் யாரோ கால் பார்த்து நடந்து வருவதைப் பார்ப்பது போலக் கண் மெதுமெதுவாக நகர்ந்து வந்து, என் இடது தோளுக்கு மேலே நின்றுவிட்டது. நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் பிள்ளையைப் போட்டுவிட்டு ஓடியிருப்பேன். மித்ரா வாயைத் திறந்தது.

நான் ஊட்டினேன். கரண்டி என் கையில்தான் இருந்தது, ஆனால் நான் தூக்குவதற்கு முன்னாலேயே அது எழும்பியது மாதிரி இருந்தது. டப்பாவுக்குள்ளிருந்து ஆவி வந்தது. ரசம் வைக்காத சோறு பூண்டு ரசமாக மணத்தது. அடிச்சோறு வரை தின்றுவிட்டு, பிள்ளை என் தோளுக்கு மேலே பார்த்து, "போதும்மா" என்றது.

அடுத்த எடையில் முள் நகர்ந்தது. நர்ஸம்மா என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்கள், பருப்புச் சோறு என்றேன். அண்ணனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. எதிர்வீட்டு அக்கா, சாவி வேலை செய்துவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

இப்போது மாசிப் பருத்தி வெடித்துவிட்டது. மித்ரா கரண்டியைத் தானே பிடிக்கப் பழகுகிறது. நேற்று பாதிச் சோற்றைத் தானே அள்ளித் தின்றது, மிச்சத்தைக் கழுத்துத் துணியின் பை பிடித்துக்கொண்டது. என் தோளுக்கு மேலே ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நீ அங்கே சும்மா நின்றுகொண்டிருப்பாயே என்று தோன்றியது. அதற்கு மறுநாள், இன்று காலை, மூடியில் உன் ரசம் மணக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. அன்று அவிழ்த்த கரியை நான் எறியவில்லை. ஒரு துண்டு என் பர்ஸில் இருக்கிறது, பஸ் டிக்கெட்டெல்லாம் கறுத்துப்போகிறது. பிள்ளைக்கு நீ தாய், பயம் இல்லை. எனக்கு நீ அத்தனை பெரிய தோழியாக இருந்தும், உச்சி வேளையில் முதுகுக்குப் பின்னால் நீ நிற்கிறாய் என்றால் பயமாகத்தான் இருக்கிறது. தோள் வரை வந்தும் நீ ஒருநாளும் என்னைத் தொடாதது இந்தக் கரியால்தான் என்று நினைக்கிறேன்.

பிள்ளை முழுச் சோற்றையும் தானே தின்னும் நாள் ரொம்பத் தூரத்தில் இல்லை. அன்றைக்கு இந்தத் துண்டைக் கண்மாய்க்குள் வீசிவிட்டு வேம்படியில் வந்து உட்காருகிறேன். நான் இன்னும் சோற்றை அளைகிறவள்தான். வந்து தட்டைப் பிடுங்கிக்கொள், டீச்சர் வருகிறார் என்று மிரட்டு, வாயைத் திறக்கிறேன். அதுவரைக்கும் கரி என் பர்ஸில் இருக்கட்டும், மதினி.