நோரா தொடாத பாத்திரம்

பிப்ரவரி 2, 1936. ஞாயிறு.
இன்றும் நற்கருணைக்கு முன்பே நோரா எழுந்து போய்விட்டாள். பிரசங்கம் முடியும்வரை கடைசி பெஞ்சில் இருக்கிறாள்; இவர் எல்லாரும் குடிக்கும் திராட்சரசப் பாத்திரத்தைக் கையில் எடுக்கும்போது ஆளைக் காணோம். போன மாதமும் இப்படித்தான். நெருப்பில்லாமல் புகையுமா? மனதில் பகை இருந்தால்தான் நம் சபையில் நற்கருணைப் பந்திக்கு வராமல் நிற்பார்கள். யாரோடு பகை? என்னோடா?

இவரிடம் சொன்னேன். "விடு, வருவாங்க" என்கிறார். இவருக்கு எல்லாரும் நல்லவர்கள். சபை நடத்தும் ஐயருக்கு அது போதும், அவர் மனைவியான ஐயரம்மாவுக்குப் போதாது.

பிப்ரவரி 6.
கத்தோலிக்கக் கோயில் பக்கம் நோராவைப் பார்த்ததாக நம் சபை டோரதி சொல்கிறாள். அப்படியா சேதி!

பிப்ரவரி 16.
எங்கள் கோயில் வாசலில் இடுப்பிலிருந்த டோரீனை நோராவிடம் நீட்டினேன், சோதித்துப் பார்க்கத்தான். குழந்தை தாவுகிறது, இவள் பின்வாங்கி, "கை அழுக்கும்மா" என்கிறாள். கையில் ஒரு பொட்டு அழுக்கில்லை. என் குழந்தையைத் தொட்டால் என்ன, ஒட்டிக்கொள்ளுமா? பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

பிப்ரவரி 27.
பெண்கள் கூட்டத்தில் சொல்லியேவிட்டேன். பெயர் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்துச் சொன்னேன்: "மனசுல கசப்ப வெச்சிக்கினு பந்திய ஒதுக்கறவங்க சபையில இருந்து என்னா பிரயோஜனம்?" எல்லாரும் நோராவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். பதில் இருந்தால்தானே நிற்பாள்!

மார்ச் 1.
நோரா வரவில்லை.

மார்ச் 8.
இன்றும் இல்லை. "நீ பேசி விரட்டின ஆளு. நீதான் போய்க் கூப்பிடணும்" என்றார் இவர். நானா?

மார்ச் 10.
நோரா குடியிருக்கும் ஜீவனஹள்ளிக்குப் போனேன். "உள்ள வராதீங்கம்மா" என்று வாசலிலேயே நிறுத்தினாள். யாரை ஒளித்து வைத்திருக்கிறாள் என்றுதான் அப்போதும் என் புத்தி போயிற்று. பிறகு இருமல் வந்தது. நிற்கவே இல்லை. துணியில் ரத்தம்.

காசம். கத்தோலிக்கக் கன்னியர் நடத்தும் தர்ம ஆஸ்பத்திரியில் மருந்து வாங்குகிறாள். வீட்டுச் சொந்தக்காரருக்குத் தெரிந்தால் அவளையும் தம்பி நோயலையும் அன்றே காலி செய்யச் சொல்லிவிடுவாராம்.

"அதுக்குன்னு நற்கருணைய விட்டுடறதா? எல்லாருக்கும் கடைசியா வந்து குடிக்கலாமே?"

"நானும் அப்பிடித்தாம்மா நெனச்சேன். ஆனா பாத்திரத்துல மிச்சம் நிக்கறத ஐயாதான குடிச்சு முடிக்கணும்? உங்க வீட்ல கைக்குழந்தை இருக்குது."

ஐயோ. எங்களுக்காகவா எழுந்து போனாள்? அவளையா நான் எல்லார் எதிரிலும் — எழுத முடியல. கடவுளே, எழுத முடியல.

மார்ச் 17.
தினமும் கஞ்சி கொண்டு போகிறேன். இவரைத் தவிர யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் சபையில் அவளுக்காக ஒரு வார்த்தை பேசவும் வழியில்லை. "எங்க ஐயரம்மா, ஜல்தியா கெளம்பிட்டீங்க?" என்று டோரதி என் கூடையையே பார்க்கிறாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். போன மாதம் என் கண்ணில் இருந்தது.

மார்ச் 22.
நோரா வீட்டில் நற்கருணை. பாத்திரத்தைப் பிறகு போட்டுக் கொதிக்கவைக்க அடுப்பில் தண்ணீர் ஏற்றிவிட்டுத்தான் ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். முதலில் இவர் குடித்தார், அடுத்து நான், பிறகு நோயல். அவள் முறை வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவர் பாத்திரத்தை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு, "எனக்கு மிச்சம் வெக்காதீங்கம்மா. நீங்களே முடிச்சிடுங்க" என்றார்.

இரண்டு கையாலும் பிடித்து, அடிவரை சாய்த்துக் குடித்தாள்.

"இனிப்பா இருக்குதும்மா" என்றாள் என்னிடம். "மறந்தே போச்சு."