அவன் கீழே வைத்த சீட்டுகள்

மார்ச் 2, ஞாயிறு

மதியம் மகன் வீட்டில் சீட்டு. மகன் வீடு என்றே இன்னும் கை எழுதுகிறது. அவன் இறந்துபோய் ஒன்றரை வருடம். இப்போது அங்கே இருப்பது மருமகள் மட்டும்.

அவன் இருந்தபோது ஞாயிறுதோறும் நாலு பேர் உட்காருவார்கள். அவன், அவள், எதிர்வீட்டுக் கணக்கு டீச்சர், அவனோடு படித்த மருந்துக்கடைக்காரன். ஒமாஹா ஹை-லோ என்ற சீட்டாட்டம், சில்லறைக் காசுக்கு. அவன் நாற்காலி காலியானதும் ஆட்டமும் நின்றது. பிறகு ஒருநாள் மருமகள் போனில், "நீங்க வந்து உட்காருங்க மாமா, நான் சொல்லித் தர்றேன்" என்றாள். ரம்மி தவிர ஒன்றும் தெரியாத ஆள் நான். மேலேயும் கீழேயும் போகிற ஆட்டம், லிஃப்ட் ரிப்பேர்காரருக்கு வராமலா போகும் என்றார் டீச்சர்.

கையில் நாலு சீட்டு, மேஜையில் அஞ்சு. கையிலிருந்து ரெண்டு, மேஜையிலிருந்து மூணு. சேர்ந்த காசில் பாதி பெரிய கைக்கு, பாதி சின்னக் கைக்கு. சின்னக் கை என்றால் எட்டுக்கு மேல் போகாத அஞ்சு வெவ்வேறு சீட்டு. அங்கே ஏஸுக்கு மதிப்பு ஒன்றுதான். அதனால் கையில் ஏஸும் ரெண்டும் வந்தால் நான் அசைவதில்லை. கூட மூணும் வந்துவிட்டால் என் காது சிவந்துவிடுகிறதாம். டீச்சர் அதைப் பார்த்தே விலகிவிடுகிறார்.

வீட்டிலிருந்து கிளம்பும்போது இவள், என் மனைவி, கேட்டாள், "அவன் சேர்ல உட்கார உங்களுக்கு எப்படித்தான் மனசு வருதோ."

வருகிறது. ஏன் என்று தெரியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஏஸ், ரெண்டு வைத்துக்கொண்டு கடைசி வரை போனேன். மருந்துக்கடைக்காரனிடமும் அதே ஏஸ், ரெண்டு. சின்னக் கையின் பாதியும் எங்களுக்குள் பாதியானது. போட்டதைவிடக் குறைவாகத் திரும்பி வந்தது.

"நீயாவது விட்டிருக்கலாமேடா" என்றேன். "இந்தக் கையை எவன்ப்பா விடுவான்" என்றான்.

மருமகள் சத்தமாகச் சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சத்தம் கேட்டு. அதற்காக இன்னும் பத்து தடவை தோற்கலாம்.

மார்ச் 16, ஞாயிறு

எழுதலாமா, வேண்டாமா.

சீட்டுப் போட்டது நான். எனக்குக் கை சரியில்லை, முதலிலேயே விலகிவிட்டேன். மேஜையில் எட்டு, நாலு, ராஜா. பிறகு ஏழு. கடைசியில் ராணி. டீச்சரிடம் ராஜாக்கள் என்று பார்த்தாலே தெரிந்தது, பெரிய பாதி அவருக்கு. மருமகள் சின்னப் பாதிக்காகக் காசை நகர்த்தினாள். மருந்துக்கடைக்காரன் தன் சீட்டை ஒரு நிமிடம் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான். சீட்டைக் கவிழ்த்துக் கீழே வைத்துவிட்டான்.

அவள் காட்டினாள். ஏஸ், ரெண்டு. சின்னப் பாதி முழுதும் அவளுக்கு.

சீட்டுகளை வாரி அடுக்கும்போது கிரீஸ் ஊறிய என் விரல் சரியாகப் பிடிக்கவில்லை. அவன் வைத்த நாலும் புரண்டு விழுந்தன. ஏஸ். ரெண்டு. மூணு. ஒரு பத்து.

எவன்ப்பா விடுவான் என்றவன். போன வாரம் எனக்கு விடாதவன்.

சீட்டை அவசரமாக அடுக்கிவிட்டேன்.

மார்ச் 17, திங்கள்

ஆறாவது மாடிக் கதவு சென்சாருக்கு மூன்று தடவை ஒயரைத் தப்பாக மாற்றிக் கொடுத்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

போகவில்லை. முதுகுவலி என்று செய்தி அனுப்பினேன்.

மார்ச் 30, ஞாயிறு

இன்றும் முதுகு.

அவன் எந்தத் தப்பும் பண்ணவில்லை. கையைத் தொடவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை, சீட்டைத்தான் கீழே வைத்தான். அப்புறம் எனக்கு ஏன் இப்படி வயிறு எரியுது? என் பிள்ளை இருந்தா இப்படி ஒருத்தன் அவளைப் பார்ப்பானா? — என் பிள்ளை இல்லையே. இல்லாதவனுக்காக நான் யாரோடு சண்டை போட?

அவளுக்கு முப்பத்திரண்டு வயது.

ஏப்ரல் 3, வியாழன்

நான் வேலை செய்யும் இடத்துக்கே மருமகள் வந்துவிட்டாள். "பழுது" பலகையைக் கதவில் மாட்டிவிட்டுக் கீழே லிஃப்ட் குழிக்குள் இறங்கியிருந்தேன். ஏறி வந்து பார்த்தால் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறாள். முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். முதுகுக்கு ஒன்றுமில்லை என்றேன்.

"அன்னைக்கு அவர் சீட்டைப் பார்த்துட்டீங்கல்ல மாமா."

"பார்த்தேம்மா."

"நான் பார்க்கலை. உங்க முகத்தைத்தான் பார்த்தேன். அப்பதான் எனக்கே தெரிஞ்சுது. அப்புறம் அவர்கிட்டக் கேட்டேன்."

நான் காட்டிக் கொடுத்திருக்கிறேன். நானேதான்.

அவன் இல்லை என்று சொல்லவில்லையாம். பத்து நாள் யோசித்தாளாம். அவளுக்கும் மனம் இருக்கிறதாம். அதைச் சொல்லும்போது தரையைப் பார்த்தாள். "நீங்க வேண்டாம்னா விட்டுடறேன் மாமா" என்றாள். வேண்டாம் என்ற சொல் என் வாய்க்குள்தான் இருந்தது. பை நிறையச் சாமானோடு ஒரு அம்மாள் வந்து, லிஃப்ட் எப்போது ஓடும் என்று கேட்டார். அரை மணி என்றேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே படியேறி மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லவன்மா" என்றேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

இவளிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் மடித்து அடுக்கிய பிறகு கேட்டாள், "அப்போ நம்ம பையன்?"

அவன் எங்கே போகப் போகிறான் என்றேன். அடுக்கியதைக் கலைத்துவிட்டு மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

போனேன். மருந்துக்கடைக்காரன் எழுந்து நின்றான். உட்கார்றா என்றேன். அவன் சீட்டுப் போடும்போது எனக்கு அஞ்சு சீட்டுப் போட்டுவிட்டான். டீச்சர் மட்டும் வாய் ஓயாமல் பேசினார், பாவம். மருந்துக்கடைக்காரன் வேறு ஊரில் கடை பார்த்திருக்கிறானாம். மே மாதம் கல்யாணப் பதிவு முடிந்ததும் இருவரும் போகிறார்கள்.

மே 14, புதன்

பதிவு அலுவலகம். இவள் வரவில்லை. தலைவலி என்றாள். நான் வற்புறுத்தவில்லை.

சாட்சிக் கையெழுத்து போட்டேன். பேனா எழுதவில்லை, உதறி எழுதினேன். மருந்துக்கடைக்காரனின் அப்பாவும் வந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். அமைதியான மனிதர், என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

வெளியே வராந்தாவில் போட்டோவுக்கு எல்லோரும் சேர்ந்துகொண்டிருந்தார்கள். "மாமா, இங்க வாங்க" என்று அவள் குரல். திரும்பினேன். அவன் அப்பாவும் திரும்பினார். அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். வாருக்கு ஒன்றுமில்லை. அப்புறம் அவளே ஓடி வந்து என் கையையும் பிடித்து இழுத்துப் போனாள். போட்டோவில் ஓரத்தில் நிற்கிறேன்.

வீட்டுக்கு வந்தபோது இவள் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். சாப்பிட்டாயா என்றேன். நான் சட்டையைக் கழற்றி மாட்டும்போதுதான் கேட்டாள்.

"சிரிச்சாளா?"

"ம்."

"நல்லா சிரிச்சாளா?"

நன்றாகத்தான் சிரித்தாள் என்றேன். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து, போட்டோ இருந்தால் காட்டுங்கள் என்றாள்.